தருமபுரியிலிருந்து கடல் மீன் பார்க்க: ஈசிஆர் சுரங்கமா, மண்டபம் தொட்டிகளா?

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு மீன் என்றால் அணை மீன். கேஆர்பி அணை வாசலில் பொரிகிற கட்லாவும் ஜிலேபியும், ஒகேனக்கல்லில் மசாலா தடவி வறுத்துத் தருகிற ஆற்று மீனும்தான் அவர்கள் கண்டது. கடல் மீன் இங்கே வந்து சேரும்போதே ஐஸ் பெட்டிக்குள் கண் வெளுத்திருக்கும். உயிரோடு நீந்துகிற கடல் மீனைக் காட்ட வேண்டும் என்று லீவுக்கு முன்னால் வீட்டில் பேச்சு வந்தால், கடைசியில் நிற்பது இரண்டு பெயர்கள். ஒன்று, சென்னை ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கத்தில் 2019-ல் திறந்த, தலைக்கு மேல் மீன் நீந்தும் அக்ரிலிக் சுரங்கம் உள்ள விஜிபி மரைன் கிங்டம். இன்னொன்று, ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் கேம்ப்பில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கும் மீன் காட்சியகம்.

எங்கள் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். பிள்ளைக்கு ஏழு வயது தாண்டிவிட்டால் மண்டபம். அதற்குக் கீழே என்றால் சென்னை, அதில் விவாதமே வேண்டாம்.

ஒகேனக்கல்லிலேயே வண்ண மீன் காட்சியகமும் முதலைப் பண்ணையும் இருக்கின்றனவே என்பார்கள். அரை நாளுக்கு நல்ல இடங்கள்தான், ஆனால் காவிரிக் கரையில் கடல் மீனை எதிர்பார்க்க முடியாது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றுக்கே 35 கிலோ உப்புக் கலவையைக் கரைத்து ஊற்ற வேண்டும், நீரை மாற்றும்போதெல்லாம் மறுபடி கரைக்க வேண்டும். உள்நாட்டுக் காட்சியகங்களில் பெரும்பாலும் நன்னீர் வண்ண மீன்களே இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு. கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் குழாய் போட்டு இழுத்து, மணலில் வடிகட்டி விட்டால் வேலை முடிந்தது.

சென்னையில் பழைய மெரினா மீன் காட்சி இருக்கிறதா என்று தேடிப் போகாதீர்கள். 1909-ல் திறந்து, ஒரு காலத்தில் நாட்டுக்கே பெருமையாக இருந்தது அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள்.

சென்னைக்கு முதல் பலம் தூரம். கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக சுமார் 250 கிலோமீட்டர். காரில் ஐந்து மணி நேரத்தைத் தாண்டாது. ரயில்தான் என்றால் மொரப்பூரில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம். ஆனால் அது விடிவதற்கு வெகு முன்பே சென்ட்ரலில் இறக்கிவிடும். காட்சியகம் திறக்கும்வரை குளிக்க, தூங்க ஓர் இடம் வேண்டும். அதை யோசிக்காமல் கிளம்பினால், மீனைப் பார்க்கும் நேரத்தில் பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். முதல் நாள் மாலையே போய் ஈசிஆர் பக்கம் தங்கி, மறுநாள் திறக்கும் நேரத்துக்கு உள்ளே போவதுதான் சரி. சனி, ஞாயிறு மதியத்துக்கு மேல் சுரங்கத்துக்குள் மீனைவிட முதுகுகள்தான் அதிகம் தெரியும். ஒரே பயணத்தில் வண்டலூரையும் சேர்ப்பதாக இருந்தால் அதைத் தனி நாளாக வையுங்கள். வண்டலூருக்குச் செவ்வாய் விடுமுறை.

சுரங்கத்தைப் பற்றி ஒரு விஷயம். வளைந்த அக்ரிலிக் வழியாகப் பார்க்கும்போது மீன் உண்மையான அளவைவிடச் சிறியதாகத் தெரியும். தட்டையான கண்ணாடித் தொட்டியில் நேர்மாறு: மீன் இருக்கிற தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதுபோல நெருங்கி, பெரிதாகத் தெரியும். தலைக்கு மேல் சுறாவும் திருக்கையும் போவதன் பிரமிப்புக்கு இணை கிடையாது. ஒரு மீனின் செவுள் எப்படித் திறந்து மூடுகிறது, கண் எப்படி உருள்கிறது என்று பார்க்க தட்டைக் கண்ணாடிதான். ஏசி, கழிப்பறை, சாப்பாடு எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால் பாட்டி தாத்தாவோடு போகிறவர்களுக்கும் சென்னையே சுகம். டிக்கெட் செலவு கூடுதல்தான், பயணச் செலவு குறைவு. மண்டபத்தில் இது அப்படியே தலைகீழ்.

இனி மண்டபம். தருமபுரியிலிருந்து சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக 450 கிலோமீட்டர் அளவில் வரும். காரில் ஒரே மூச்சில் போனால் ஒன்பது மணி நேரம். அதில் தொப்பூர் கணவாயை இருட்டில் இறங்காமல் இருப்பது நல்லது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ரயிலே மேல். மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் தருமபுரியில் இரவு ஏறிப் படுத்தால் காலையில் மதுரை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸும் இதே வழிதான், ஆனால் விடியுமுன்பே மதுரையில் இறக்கிவிடும், அது வேண்டாம். மதுரையில் டிபன் முடித்து மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பஸ் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குள் மண்டபம். கிருஷ்ணகிரிக்காரர்கள் பஸ்ஸில் தருமபுரி வந்து ரயில் பிடிப்பது சுலபம்.

மண்டபத்துக்குக் ‘கேம்ப்’ என்ற ஒட்டு எப்படி வந்தது என்பதைப் போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களைக் கப்பல் ஏற்றுமுன் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்த முகாம் அது. அப்படிப் போனவர்களில் சேலம் ஜில்லாக்காரர்களும் உண்டு. தருமபுரி அன்று சேலத்தோடுதான் இருந்தது, தனி மாவட்டமானது 1965-ல்தான். ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கியது. 1971-ல் தலைமையிடம் கொச்சிக்குப் போனது, மண்டபம் கிளையாகத் தொடர்கிறது.

காட்சியகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மண்டபம் தோற்றுவிடும். முக்கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். சுரங்கம் கிடையாது, விளக்கு வித்தை கிடையாது. அதற்காக 450 கிலோமீட்டரா என்று கேட்டால், தொட்டிக்கு வெளியே அதே கடல் இருப்பதற்காக என்பதே பதில். எங்கள் தராசு சாய்வதும் இந்த ஒரு காரணத்தால்தான். கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த களவாவையும் அஞ்சாலையையும் சிங்கி இறாலையும் மறுநாள் காலை மீன் இறங்கும் கரையில் கூடையில் பார்க்கலாம், முழங்கால் நீரில் நண்டும் நட்சத்திர மீனும் பார்க்கலாம். முதலில் தொட்டி, பிறகு கரை என்ற வரிசையை மாற்றாதீர்கள். தொட்டியில் பெயரோடு பார்த்ததைப் பிள்ளையே கரையில் அடையாளம் கண்டு கத்தும். வரிசை மாறினால் கரையில் கிடப்பதெல்லாம் வெறும் மீன்தான்.

அந்தக் கரை கைக்கு வருவது நாளைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. பலர் சறுக்குவதும் இங்கேதான். மண்டபம் ஒரு குறுகிய நிலத்துண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் குளம்போல் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் ஜனவரி வரை, இது அப்படியே புரண்டுவிடும். ஆகவே காலாண்டு லீவில் போனால் வடக்குக் கரை, அரையாண்டு லீவில் போனால் தெற்குக் கரை. அரையாண்டு லீவில் வடக்குக் கரைக்குப் போய், ‘கடல் கலங்கிக் கிடக்கிறது, ஒன்றுமே தெரியவில்லை’ என்று திரும்புகிறவர்கள் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போயிருக்கலாம்.

கோடை லீவில் இன்னொரு சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் இறங்கும். மற்ற மாதங்களிலும் இந்தப் பக்கம் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் பிரித்து வைத்திருக்கிறார்கள். தங்கும் இடத்திலேயே ‘நாளைக்குக் காலையில் எந்த போட்டு வரும்?’ என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து நீர் வற்றுவது. இங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நன்றாக வற்றும். அமாவாசையில் ராமேஸ்வரத்துக்குத் தர்ப்பணக் கூட்டம் வரும். ஆடி, தை என்றால் ரூமே கிடைக்காது. பௌர்ணமியை ஒட்டிய வேலை நாள்களைப் பிடியுங்கள். கூட்டமும் இல்லை, நீரும் வற்றும். வேலை நாள் என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இது அரசு ஆராய்ச்சி நிலையம், கேளிக்கைப் பூங்கா அல்ல. அரசு விடுமுறை நாளில் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்ப நேரிடலாம். கிளம்புமுன் ஒரு போன் போட்டுக் கேட்பது நல்லது.

காட்சியகத்துக்குள் எல்லாத் தொட்டிகளையும் ஓடிப் பார்ப்பதைவிட நான்கு தொட்டி முன்னால் ஐந்தைந்து நிமிடம் நிற்பது மேல். கடல் குதிரை இருந்தால் அதன் வாலைக் காட்டுங்கள். கடற்புல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, முதுகுத் துடுப்பை மட்டும் விசிறிபோல் அடித்துக்கொண்டிருக்கும். குட்டியைச் சுமப்பது அப்பா என்று சொன்னால் அந்தத் தொட்டியை விட்டுப் பிள்ளை நகராது. கண்ணாடியைத் தட்ட விடாதீர்கள். மீனுக்கு உடல் நெடுக அதிர்வை உணரும் கோடு உண்டு, நம் விரல் தட்டு அதற்கு இடி. போட்டோவுக்கு ஃபிளாஷை அணைத்து, செல்போனைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து எடுத்தால் நம் முகம் அதில் விழாது.

கரைக்குத் தயாராக வேண்டியவை கொஞ்சம்தான். பழைய கேன்வாஸ் ஷூ அவசியம். மணலுக்குள் திருக்கை புதைந்து படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால் அதுவாகவே விலகிப்போகும். அடிப்பக்கம் தெளிவாகத் தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நீரின் மேல் இரண்டு அங்குலம் அழுத்திப் பிடித்து உள்ளே பார்த்தால் சிற்றலையும் வெயில் பளபளப்பும் மறைந்து தரை அப்படியே தெரியும். சொறி மீன் பட்டு அரித்தால் கடல் நீராலேயே கழுவுங்கள். குடிதண்ணீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் இன்னும் வெடிக்கும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. நினைத்தபடி படகு பிடித்துப் போக முடியாது. பாம்பன் தீவில் உள்ள குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை நடத்தும் படகு கடல் நிலையைப் பார்த்துத்தான் கிளம்பும். அதை நம்பித் திட்டம் போடாமல், கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாம்பன் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்துவிட்டது. மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு முறையாவது ரயிலில் போங்கள். பஸ்ஸில் பக்கத்துப் பாலத்திலிருந்து பார்ப்பது வேறு, கடலுக்கு மேல் ஜன்னலோரம் உட்கார்ந்து போவது வேறு.

திரும்பும்போது பிள்ளைகளின் பையை ஒரு முறை கொட்டிப் பாருங்கள். கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டாக இருந்தாலும் எடுத்து வருவது வன உயிரினச் சட்டப்படி குற்றம். கடல் குதிரைக்கும் கடல் அட்டைக்கும் அதே சட்டம்தான், காய்ந்ததாக இருந்தாலும். நண்டு ஓட்டைத் தாராளமாகக் கொண்டு வரலாம். கழுவிக் காயவைக்காமல் மூட்டை கட்டினால் மட்டும் சேலம் தாண்டுவதற்குள் பெட்டி முழுக்க நாறும்.