சிறு கட்டையைப் பலகையாக்க வீட்டு பேண்ட் சா: நாள்பட்ட பயன்பாட்டு அனுபவம்

பேண்ட் சா என்பது இரு சக்கரங்களில் பட்டை போலச் சுற்றி ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் இயந்திரம். 14 அங்குலச் சக்கரம் கொண்ட ஒன்று இருந்தால், விறகுக்குப் போகும் கிளையையும் குட்டை அடிமரத்தையும் நல்ல பலகையாக்கிவிடலாம். நெடுநாள் இதே வேலைக்கு ஓட்டிப் பார்த்ததில் ஒன்று உறுதி: பலகையின் தரத்தைத் தீர்மானிப்பது இயந்திரத்தின் விலை அல்ல. கட்டையைப் பிடித்து நிறுத்தும் முறையும் பிளேடும்தான்.

இந்த அளவு இயந்திரங்களில் பெரும்பாலானவற்றின் அறுப்பு உயரம் சுமார் 15 செ.மீ. உயரம் கூட்டும் துண்டை மாட்டினால் 30 செ.மீ. வரை போகலாம். ஆனால் 1 ஹெச்.பி. (குதிரைத்திறன்) மோட்டார் அந்த உயரத்தில் திணறும்; 1.5 ஹெச்.பி.யாவது வேண்டும். அதற்கு முன்பே எடை தடுத்துவிடும். 20 செ.மீ. விட்டம், 75 செ.மீ. நீளமுள்ள பச்சைக் கட்டை சுமார் 20 கிலோ இருக்கும். மேசைக்கு முன்னும் பின்னும் அதே உயரத்தில் தாங்கி இல்லாமல் அதை நேராகத் தள்ள முடியாது.

உருண்டைக் கட்டையை வெறுமனே மேசையில் வைத்து அறுக்கவே கூடாது. பற்கள் கீழ்நோக்கி இழுக்கும்போது கட்டை உருளும், பிளேடு மடங்கும், பிடித்திருக்கும் கை உள்ளே இழுபடும். 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு தளம் செய்து, அடியில் மேசைக் காடியில் ஓடும் சட்டம் ஒன்றைப் பொருத்துங்கள். தளத்தின் இரு முனையிலும் நிற்கும் கட்டைகள் வழியாக மரத்தின் முனைகளில் ஸ்க்ரூ இறக்கி இறுக்குங்கள். பிளேடு போகும் கோட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் 5 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். தளத்தின் தடிமனும் அறுப்பு உயரத்தில் கழியும். ஆகவே 15 செ.மீ. உயர இயந்திரத்தில் பட்டையோடு 13 செ.மீ. கட்டைதான் போகும்.

முதல் அறுப்பில் ஒரு பக்கம் தட்டையாகும். அந்தத் தட்டைப் பக்கத்தைத் தளத்தில் படுக்கவைத்து மீண்டும் இறுக்கி, இரண்டாவது பக்கத்தை அறுக்க வேண்டும். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் இரண்டும் செங்கோணமாக இருக்க வேண்டும். அதன்பின் தளம் தேவையில்லை. ஒரு முகம் மேசையிலும் மற்றொன்று ஃபென்ஸிலும் (மேசைமேல் பிளேடுக்கு இணையாக நிற்கும் தடுப்புச் சட்டம்) படிய, பலகை பலகையாக எடுக்கலாம். இழைத்த பிறகு 20 மி.மீ. வேண்டுமானால் 25 மி.மீ.க்கு அறுங்கள். காயும்போது சுருங்குவதும், கோணல் எடுக்க இழைப்பதும் அந்த 5 மி.மீ.யைத் தின்றுவிடும்.

பிளேடு அரை அங்குல அகலம், அங்குலத்துக்கு 3 பல். முக்கால் அங்குலத்தை மாட்ட முடிந்தாலும், 14 அங்குலச் சட்டகத்தால் அதைப் போதிய அளவு இழுத்து நிறுத்த முடிவதில்லை என்பதே எங்கள் அனுபவம். பல் நெருக்கமான பிளேடு பச்சை மரத்துக்கு ஆகவே ஆகாது. ஈரத்தூள் பல்லிடுக்கை அடைக்கும், பிளேடு சூடேறும், மரத்துக்குள்ளேயே வளையும். பலகை நடுவில் தடித்தோ குழிந்தோ வந்தால் இதுதான் காரணம். அல்லது பல்லின் முனை மழுங்கியிருக்கும், இழுவிசை குறைந்திருக்கும், தள்ளும் வேகம் கூடியிருக்கும். அதற்காக அளவுக்கு மீறி மெதுவாகத் தள்ளினாலும் பல் வெட்டாமல் உரசி மழுங்கும். மோட்டார் சத்தம் சற்றே இறங்கி, ஆனால் சீராக இருக்கும் வேகமே சரி. பிளேடை விலகாமல் பிடிக்கும் மேல் வழிகாட்டி, கட்டைக்கு மேல் 1 செ.மீ.தான் இருக்க வேண்டும்.

அறுக்கும் முன் பட்டையை உரித்துவிட்டால் அதில் ஒட்டிய மண்ணும் கல்லும் போகும். பிளேடு நாள்பட உழைக்கும். வேலி ஓரத்து மரமானால் ஆணியோ கம்பியோ உள்ளே புதைந்திருக்கலாம். உலோகம் கண்டறியும் கருவியால் தடவிப் பாருங்கள். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் பெரும்பாலும் அருகில் இரும்பு இருக்கிறது.

பிளேடில் பிசின் ஏறினால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால், இயந்திரம் முழுதும் நின்ற பிறகு துடைக்கலாம். சக்கரத்தின் ரப்பரில் ஈரத்தூள் கட்டிகட்டியாக ஒட்டும். அதைச் சுரண்டாவிட்டால் பிளேடு இடம் மாறி ஓடும். வார்ப்பிரும்பு மேசையை அன்றைக்கே துடைத்து மெழுகு பூசாவிட்டால் மறுநாளே துரு பிடிக்கும்.

அறுத்ததோடு பாதி வேலைதான் முடிகிறது. கட்டையை வெட்டிய அன்றே இரு முனையிலும் பழைய பெயின்ட்டையோ மெழுகையோ தடிமனாகப் பூசுங்கள். முனை வழியே ஈரம் வேகமாக வெளியேறுவதால்தான் வெடிப்பு அங்கே தொடங்குகிறது. கட்டையின் நட்ட நடுப்புள்ளி அடங்கிய பலகை அநேகமாகப் பிளக்கும். அந்த நடுப்பகுதியை மட்டும் அறுத்துத் தள்ளிவிட்டு இரு பக்கத்தையும் காப்பாற்றுங்கள். பலகைகளுக்கு இடையே 20 மி.மீ. காய்ந்த சட்டங்களை 40 செ.மீ.க்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் வையுங்கள். கோடு தப்பினால் அந்த இடத்தில் பலகை வளையும். மேலே பாரம் ஏற்றி, வெயில் படாத, காற்றோடும் இடத்தில் விடுங்கள். 25 மி.மீ. பலகைக்கு ஓராண்டு என்பது தோராயக் கணக்குதான். ஈரமானியில் அளவு சில வாரங்கள் மாறாமல் நின்ற பிறகே இழைக்க எடுங்கள்.