மாடல் ரயில் கட்டடத்துக்கு லேசர் ஜன்னல் ஆர்டர் கொடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

"உங்கள் அளவுக்கே லேசரில் ஜன்னல் வெட்டித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் ஒருவரிடம் 18 ஜன்னல்களுக்கு 3,600 ரூபாயை முன்கூட்டியே முழுசாகக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும், எந்தப் பெயரில் வந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

நான் செய்துகொண்டிருப்பது நீலகிரி மலை ரயிலை மனதில் வைத்து நானே வரைந்த ஒரு சின்ன நிலையம். ஹெச்.ஓ. என்கிற மாடல் அளவு, அதாவது 1:87, நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. நிஜத்தில் தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர் (மீட்டர் கேஜ்) என்பதால் மாடலில் அது 12 மி.மீ. நிஜத்தில் 4 அடி அகலம், 6 அடி உயரம் உள்ள ஜன்னல் இந்த அளவில் 14க்கு 21 மி.மீ. ஆகும். ஒவ்வொன்றிலும் 12 சின்னக் கண்ணாடிகள். அவற்றைப் பிரிக்கும் மரச்சட்டம் நிஜத்தில் ஓர் அங்குலம் என்றால், மாடலில் 0.3 மி.மீ.கூட வராது. சுவரும் கூரையும் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, சட்டம் தடித்துவிட்டால் மொத்தக் கட்டடமும் கெட்டுவிடும்.

இதையெல்லாம் வரைபடத்தில் குறித்து அனுப்பினேன். "சூப்பர் சார், அப்படியே வரும்" என்று பதில் வந்தது. கண்ணாடியும் (மாடலில் அது தெளிவான பிளாஸ்டிக் தகடு) ஒட்டித் தருவதாகச் சொல்லி அந்தக் கூலியையும் சேர்த்துத்தான் வாங்கினார்கள்.

பெட்டி வந்ததும், துல்லியமாக அளக்கும் வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். ஜன்னல் 16க்கு 24. சட்டம் 0.8. அதை 87ஆல் பெருக்கினால் 70 மி.மீ., கிட்டத்தட்ட மூன்று அங்குலக் கட்டை. ஸ்டேஷன் மாஸ்டர் அறை போலீஸ் லாக்கப் மாதிரி இருக்கிறது.

கேட்டேன். "லேசர் தின்னும் சார், கூடக்குறைய வரத்தான் செய்யும்" என்றார். தின்னும் என்பது உண்மைதான். கதிர் போகிற வழியில் 0.1, 0.2 மி.மீ. எரிந்துபோகும். ஆனால் தின்றால் சட்டம் மெலியத்தானே வேண்டும், எப்படித் தடிக்கும்? அப்புறம் கணக்குப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அதே 4 அடிக்கு 6 அடி ஜன்னல், பிரிட்டன் மாடல்காரர்களின் ஓ.ஓ. அளவான 1:76இல், அச்சு அசலாக 16க்கு 24. என் வரைபடத்தைத் திறந்தே பார்க்காமல், கையில் இருந்த சரக்கை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். வெளிநாடுகளில் வழக்கமான ஸ்டாண்டர்ட் கேஜ் ரயில்களின் மாடல்களில் இரண்டு அளவும் ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும், அதனால் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லித் தப்பிப்பது சுலபம். கட்டடத்தில் அது நடக்காது.

"சுவரைக் கொஞ்சம் ராவிக்கங்க சார்" என்பது அடுத்த யோசனை. செங்கல் வரிகளைக் கீறி, ஜன்னல் தலைக்கு மேல் வளைவு வைத்து, பெயின்ட்டும் அடித்து முடித்த சுவர் அது. பக்கத்துக்கு 1 மி.மீ. ராவினாலே வளைவு காலி.

கண்ணாடி இன்னும் மோசம். சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பசையின் ஆவி பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும் என்பது இந்த வேலை செய்கிறவர்களுக்குப் பால பாடம். விரல் பட்ட இடமெல்லாம் ரேகை ரேகையாக வெளுத்திருந்தது. அதற்கு வந்த பதில்: "மலை ஸ்டேஷன்தானே சார், பனி பிடிச்ச மாதிரி ரியலா இருக்கு." ஆளின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

விளம்பரத்தில் இருந்த படங்களை இணையத்தில் தேடினால், வெளிநாட்டு மாடல் கிட் (சேர்த்து ஒட்டும் பாகங்களின் தொகுப்பு) ஒன்றின் படங்கள். அந்த ஜன்னல்கள் மெல்லிய அட்டையில் வெட்டியவை. எனக்கு வந்தது 2 மி.மீ. எம்.டி.எஃப்., அதாவது மர நாரை அழுத்திச் செய்த பலகை. அதில் 0.3 மி.மீ. சட்டம் வெட்டினால் பொசுங்கி ஒடிந்துவிடும். "முடியாது சார்" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் தீர்ந்தது.

ஆகவே யாரிடம் கொடுத்தாலும் முதலில் ஒரே ஒரு ஜன்னலை வெட்டித் தரச் சொல்லுங்கள், அதற்கு மட்டும் பணம் கொடுங்கள். பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் படம் கேளுங்கள். என்ன பொருள், எத்தனை மி.மீ. கனம் என்று எழுத்தில் வாங்குங்கள். கண்ணாடியை நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள், வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் வரைபடம், வாட்ஸ்அப் உரையாடல், காலிப்பர் படம் எல்லாவற்றையும் வைத்துப் புகார் கொடுத்தேன். அதன் பிறகு பாதிப் பணம் வந்தது. மீதியைக் கேட்டால் "கஸ்டம் ஆர்டர், ரிட்டன் கிடையாது" என்கிறார். கஸ்டமாக எதுவுமே வெட்டவில்லை என்பதுதான் என் புகாரே.

இப்போது ஸ்டிக்கர் லேபிள் தாளுக்குப் பெயின்ட் அடித்து, புதுப் பிளேடால் இழை இழையாக நறுக்கி, ஓ.ஹெச்.பி. ஷீட் என்கிற தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். நேரம் பிடிக்கிறது, ஆனால் சட்டம் மெல்லிசாக வருகிறது. வரைபடக் கோப்பு யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.