அக்காவின் முதுகுவலியும் மெடிக்கல் எய்டும்

ஆகஸ்டில் மூன்று வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்தேன். சாட்ஸ்வொர்த்தில் நான் பிறந்த வீட்டில் இப்போது அக்கா மட்டும் இருக்கிறார். தேநீருக்குச் சர்க்கரை தேடி அலமாரியைத் திறந்தபோது, ஒரு பிஸ்கட் டின் நிறையக் கோடீன் கலந்த மாத்திரை அட்டைகள் கிடந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டேன். கோடீன் அபின் வகை மருந்து. உடலுக்குள் போனதும் அதில் ஒரு பகுதி மார்பினாக மாறுகிறது. குறைந்த அளவு என்றால் மருந்துச் சீட்டு இல்லாமலே, பெயரை எழுதிக்கொண்டு மருந்துக்கடையில் கொடுத்துவிடுகிறார்கள்.

"பிசியோவுக்குப் போகவில்லையா, அக்கா?"

"சேவிங்ஸ் ஜூனிலேயே தீர்ந்துவிட்டது, தம்பி. இனி ஜனவரியில்தான்."

மெடிக்கல் எய்டு என்று அங்கே சொல்லும் தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் கட்டும் மாதச் சந்தாவில் 25 சதவீதத்துக்கு மேற்படாத ஒரு பங்கை உறுப்பினர் பெயரில் ஒதுக்கிவைக்கும் கணக்கைத்தான் அக்கா சேவிங்ஸ் என்கிறார். பிசியோதெரபிக்கும் அக்குபங்சருக்கும் பெரும்பாலும் அதிலிருந்தே பணம் போகிறது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எல்லாத் திட்டங்களும் கட்டாயம் ஏற்கவேண்டிய நாள்பட்ட நோய்களின் பட்டியலில் முடக்குவாதம் இருக்கிறது, அக்காவுக்கு வந்திருப்பது போன்ற முதுகுவலி இல்லை. நான் வாழும் அமெரிக்காவிலும் குறைகள் ஏராளம். ஆனால் அங்கே முதியோருக்கான மெடிகேர், 2020 முதல், நாள்பட்ட கீழ்முதுகுவலிக்கு 90 நாளில் 12 அக்குபங்சர் அமர்வுகளையும், குணம் தெரிந்தால் மேலும் எட்டையும் ஏற்கிறது.

மறுநாள் அக்காவை அருகில் வைத்துக்கொண்டு அவருடைய திட்டத்தின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். இருவர் கைவிரித்தார்கள். மூன்றாவதாகப் பேசிய பெண்தான், முதுகு, கழுத்து வலிக்கென்று தனிப் பயிற்சித் திட்டம் இருப்பதாகவும், மருத்துவரின் கடிதம் இருந்தால் அதற்குச் சேவிங்ஸில் கைவைக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். நான்கு வருடமாகச் சந்தா கட்டிவரும் அக்காவுக்கு இதை ஒருவர்கூடச் சொன்னதில்லை என்பதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நம்மவர் வீட்டில் யாருக்காவது இப்படி வலி இருந்தால், இத்தகைய பயிற்சித் திட்டம் உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மருத்துவத் திட்டங்களைக் கண்காணிக்கும் அரசு மன்றத்துக்குப் புகார் போனால், திட்டத்தார் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்களுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை, அனுமதி ஒரே வாரத்தில் கிடைத்தது. வாரம் இரண்டு அமர்வு, ஆறு வாரம். நான் விமானம் ஏறிய நாளில் அக்கா மூன்று அமர்வுகளை முடித்திருந்தார். பகல் மாத்திரையை நிறுத்திவிட்டார், இரவு மாத்திரையை இன்னும் விடவில்லை.