இஸ்னரும் சோம்தேவும்: கல்லூரி டென்னிஸிலிருந்து இரு பயணங்கள்

2007-இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் நடந்த அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் ஒற்றையர் இறுதிப்போட்டியில், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சோம்தேவ் தேவ்வர்மன், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜான் இஸ்னரை அவருடைய சொந்த மைதானத்திலேயே மூன்றாவது செட் டைபிரேக்கரில் வீழ்த்தினார். தொழில்முறைக் களத்தில் நிலைமை தலைகீழானது. 2.08 மீட்டர் உயரமுள்ள இஸ்னர், சர்வீஸின் பலத்தாலேயே புள்ளிகளைக் குவித்து, 2018-இல் மயாமி பட்டத்தை வென்று, தரவரிசையில் 8-ஆம் இடத்தைத் தொட்டார். சோம்தேவுக்கோ ஒவ்வொரு புள்ளியும் ஓடி ஓடிச் சம்பாதித்தது. பார்ப்பதற்கு அவருடைய ஆட்டமே எனக்கு மேலானது. 2009 சென்னை ஓப்பனில் வைல்டு கார்டில், அதாவது அமைப்பாளர்கள் தரும் சிறப்பு அனுமதியில் நுழைந்து, முன்னாள் உலக முதல்நிலை வீரர் கார்லோஸ் மோயாவைச் சாய்த்து இறுதிவரை வந்தார். மறு ஆண்டு ஆசிய விளையாட்டில் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் தங்கம் வென்றார். ஆயினும், தோள்பட்டைக் காயமும் குறுக்கிட்ட அந்தப் பயணத்தில் 62-ஆம் இடமே அவர் எட்டிய உச்சம்.