சுங்குடிச் சேலை விற்க எந்தத் தளம்? மூன்றரை ஆண்டு அனுபவம்

2021 தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். அரக்கு நிறத்தில் கையால் முடிச்சுப் போட்ட சுங்குடிச் சேலை ஒன்றைத் திருநெல்வேலியில் இருந்து ஒரு அக்கா எங்கள் ஆன்லைன் கடையில் எடுத்து, பணமும் கட்டிவிட்டார். மகளின் வளைகாப்புக்கு என்று குறிப்பு எழுதியிருந்தார். பார்சல் போட அலமாரியைத் திறந்தால் சேலை இல்லை. அன்று காலையிலேயே அப்பா கடையில் அதை விற்றிருந்தார். போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். “பணத்தைத் திருப்பிக் குடுத்துருவீங்க, சரி. அந்தச் சேலையத்தானே அவகிட்ட காட்டி வெச்சிருக்கேன்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் கடை சின்னாளப்பட்டியில் இருக்கிறது. இரண்டு வகைச் சரக்கு வைத்திருக்கிறோம். ஒன்று மெழுகு அச்சுச் சுங்குடி. ஒரு டிசைனில் இருபது முப்பது சேலை வரும், தீர்ந்தால் மறுபடி அடிக்கலாம். இன்னொன்று கைமுடிச்சுச் சுங்குடி. துணியை நூலால் முடிந்து முடிந்து சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு பிரித்தால் முடிந்த இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. ஒருவர் முடிந்ததைப் போல இன்னொருவர் முடிவதில்லை, ஒரு தொட்டிச் சாயம் போல மறு தொட்டி வருவதில்லை. அதனால் ஒவ்வொரு சேலையும் ஒன்றே ஒன்றுதான். எங்களுக்கு எந்தத் தளம் சரிப்படும் என்பதை முடிவு செய்தது இந்த வித்தியாசம்தான். அது புரிய எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

2020 ஊரடங்கில் வாட்ஸ்அப் பிசினஸில் தொடங்கினோம். கேட்லாக் போட்டோம், பிராட்காஸ்ட் (பலருக்கு ஒரே நேரத்தில் போகும் செய்தி) அனுப்பினோம். ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். இரவு பதினொரு மணிக்கும் ஸ்கிரீன்ஷாட்டோடு “இது இருக்கா?” என்று வரும். அண்ணி எழுந்துபோய் அலமாரியைப் பார்த்துப் பதில் போடுவார். அடுத்த ஆண்டு மாதச் சந்தாவில் ஓடும் ஒரு தளத்துக்குப் போனோம். ஒரே மாலையில் கடை தயார். பார்க்க அழகாகவும் இருந்தது. ஆனால் அங்கே சேலையை ஏற்றியவுடன் எங்கள் ஸ்டாக் இரண்டு இடத்தில் இருக்க ஆரம்பித்தது. திருநெல்வேலி அக்காவுக்கு நடந்தது அதன் விளைவு.

அந்தத் தீபாவளி முடிந்ததும் ஒரு நோட்டில், ஒரு வாரம் முழுக்க, ஒவ்வொரு சேலையும் கடைக்குள் வந்ததில் இருந்து வெளியே போனது வரை யார் கை வைத்தார்கள் என்று எழுதினேன். யாரிடமும் எந்தத் தளம் நல்லது என்று கேட்பதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். எங்கள் நோட்டில் தெரிந்தது இதுதான்: கைமுடிச்சுச் சேலை மூன்று இடத்தில் விற்கிறது, கடையில், வாட்ஸ்அப்பில், இணையத்தில். மூன்றையும் மூன்று பேர் பார்க்கிறார்கள். ஒருவர் விற்றது மற்ற இருவருக்கும் தெரிய சில நேரம் ஒரு நாள் ஆகிறது. கடைப் பக்கத்தின் தோற்றம் (தீம்), கூப்பன் எல்லாம் எங்கள் பிரச்சினையே இல்லை.

அப்புறம் தளங்களைப் பார்த்தபோது கேள்விகள் தெளிவாக இருந்தன. மாதச் சந்தாவில் ஓடும் ஷாப்பிஃபையில் சர்வரைப் பராமரிக்கும் தொல்லை நமக்கு இல்லை, அதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவர்களுடைய சொந்தப் பேமென்ட் வசதி இந்தியாவில் இல்லாததால் வாடிக்கையாளரின் பணத்தை வாங்கித் தரும் ரேஸர்பே போன்ற வெளி கேட்வேயைத்தான் இணைக்க வேண்டும். அப்போது அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் 2 சதவீதம் தளத்துக்குத் தனியாகப் போகும். கேட்வேயின் கட்டணமும் ஏறத்தாழ 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 1,500 ரூபாய்ச் சேலைக்கு கேட்வேக்கு 35 ரூபாய் 40 காசு, தளத்துக்கு இன்னொரு 30 ரூபாய். மாதம் 80 சேலை என்றால் அந்த 30 ரூபாய் மட்டுமே 2,400. லாபம் அதிகம் வைக்கிற பொருளுக்கு இது கண்ணில் படாது. முடிச்சுப் போடுகிற பெண்களுக்குக் கூலி கொடுத்துவிட்டு மிஞ்சுவதில் எங்களுக்குப் பட்டது.

அமேசான் மாதிரிச் சந்தையில் கூட்டம் நிச்சயம். ஆனால் வாங்கியவர் நம் வாடிக்கையாளர் ஆவதில்லை, அடுத்த முறை புதுச் சேலை வந்தால் அவருக்குச் சொல்ல வழியில்லை. விற்ற பணத்தை நமக்குத் தரும் முன் அந்தச் சந்தையே பிடித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் என்று ஜிஎஸ்டியில் ஒரு பிடித்தமும் உண்டு. முன்பு 1 சதவீதம், 2024 ஜூலையில் இருந்து 0.5. ரிட்டர்னில் திரும்புவது பழுதில்லாத கைமுடிச்சுச் சேலையாக இருந்தாலும், அது வெளியே போய் வந்த நாள்களில் யாருக்கும் விற்க முடியாமல் போகிறது.

2022 ஜனவரியில் வூகாமர்ஸ் எடுத்தோம். இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மேல் ஓடுகிற இலவசக் கடை மென்பொருள். ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடத்தின் வாடகை), டொமைன் (தளத்தின் இணைய முகவரி) செலவு நம்முடையது. இதைத் தேர்ந்ததற்கு முதல் காரணம், பணம் கட்டாமல் நிற்கிற ஆர்டருக்காக ஸ்டாக்கை எத்தனை நிமிடம் பிடித்து வைக்கலாம் என்று நாமே எண் போடலாம். நாம் மாற்றாவிட்டால் அது 60 நிமிடம். ஒரே ஒரு சேலைக்கு அது அதிகம். அவசரப்பட்டு 10 ஆக்கினேன். சிலர் யுபிஐ கோரிக்கையை விட்டுவிட்டுக் கணவரிடம் காட்டி, கால் மணி நேரம் கழித்துக் கட்டுவார்கள். அதற்குள் ஆர்டர் ரத்தாகி வேறொருவர் வாங்கியிருப்பார். இரண்டு முறை பணத்தைத் திருப்பிய பிறகு 30 நிமிடத்தில் நிறுத்தினேன். மூன்றாண்டாக அதைத் தொடவில்லை.

கடை விற்பனையை இணைத்தது ஒரு அட்டைச் சீட்டு. ஒவ்வொரு கைமுடிச்சுச் சேலைக்கும் ஒரு எண். அந்த எண்தான் தளத்திலும் பொருள் எண். சீட்டைச் சேலையின் முந்தியில் நூலால் கட்டிவிடுவோம். கடையில் விற்றால் அப்பா சீட்டை அறுத்துக் கல்லாப்பெட்டி பக்கத்தில் இருக்கிற டப்பாவில் போட வேண்டும். பில் போடும் பையன் வாடிக்கையாளர் வாசலைத் தாண்டுவதற்குள் போனில் வூகாமர்ஸ் ஆப்பைத் திறந்து அந்த எண்ணின் ஸ்டாக்கைப் பூஜ்யம் ஆக்குவான். மாலையில் டப்பாவில் இருக்கிற சீட்டையும் தளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். கல்லாவில் பில் போட்டதுமே ஸ்டாக்கைக் குறைக்கும் பாயிண்ட் ஆஃப் சேல் மென்பொருளை விலை கொடுத்து வாங்கலாமா என்றும் பார்த்தோம். கல்லாவில் கம்ப்யூட்டர் வைக்க அப்பாவுக்கு மனமில்லை, சீட்டை அறுப்பது அவருக்குக் கைவந்தது. அவர் செய்யக்கூடிய வேலையைச் சுற்றித்தான் மற்றதை அமைத்தோம். இந்த மூன்றரை ஆண்டில் ஒரே சேலை இருவருக்கு விற்றது இரண்டே தடவை. இரண்டும் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில்.

கேஷ் ஆன் டெலிவரியை மெழுகு அச்சுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். கைமுடிச்சுக்கு நிறுத்திவிட்டோம். வேண்டாம் என்று திருப்பினால் இரு வழிக் கொரியரும் நம் தலையில், சேலையும் பத்துப் பதினைந்து நாள் லாரியில். பொருள்வாரியாக இப்படிப் பிரிக்க வூகாமர்ஸில் தனியாக ஒரு செருகுநிரல் (கூடுதல் வசதி சேர்க்கும் பிளகின்) போட வேண்டியிருந்தது. எந்தத் தளம் எடுத்தாலும் இதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கொரியரில் இன்னொன்றும் உண்டு. அரைக் கிலோ சேலையை 30, 25, 5 சென்டிமீட்டர் பெட்டியில் போட்டால் பல கொரியர்கள் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்து முக்கால் கிலோவுக்குக் காசு வாங்குகின்றன. பெட்டியை விட்டுத் தட்டையான கவருக்கு மாறியதும் அந்தச் செலவு குறைந்தது. தளத்தில் எடையோடு இந்த அளவையும் சரியாக ஏற்றியிருந்தால்தான் வாடிக்கையாளரிடம் வாங்குகிற கட்டணமும் நாம் கட்டுவதும் ஒத்துப்போகும்.

வூகாமர்ஸில் எல்லாம் நம் பொறுப்பு என்பது 2023 தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு நன்றாகவே உறைத்தது. ஒரு செருகுநிரலுக்கு அப்டேட் வந்திருந்தது, அழுத்தினேன். பணம் கட்டும் பக்கம் வெள்ளையாகிவிட்டது. மாலை ஆறு மணி, வருடத்திலேயே அதிக ஆர்டர் வருகிற நேரம். முந்தைய நாள் பேக்கப்பை ஏற்றிச் சரியாக்க இரவு பத்தரை ஆனது. அன்று முழுவதும் வந்திருந்த ஆர்டர்களை மெயிலில் இருந்து எடுத்துக் கையால் பதிந்தோம். இப்போது கடையின் நகல் ஒன்றைத் தனியே வைத்து, அதில் முதலில் சோதிக்கிறேன். புரட்டாசி முடிந்தால் தீபாவளி வரை எந்த அப்டேட்டிலும் கை வைப்பதில்லை, பாதுகாப்பு அப்டேட் தவிர. ஹோஸ்டிங்கிலும் முதல் வருட விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். புதுப்பிக்கும்போது என்ன விலை என்று கேட்டு அதைக் கணக்கில் எழுதுங்கள்.

பழைய தளத்தை விட்டு வரும்போது பட்ட கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். பொருள் பட்டியல் கோப்பாகக் கிடைத்தது, வாடிக்கையாளர் முகவரி கிடைக்கவில்லை. அறுநூற்றுச் சொச்சம் முகவரியை அண்ணியும் நானும் திரையைப் பார்த்து மூன்று வாரம் தட்டச்சு செய்தோம். இலவசச் சோதனைக் காலத்திலேயே பொருள், ஆர்டர், வாடிக்கையாளர் மூன்றையும் இறக்கிப் பாருங்கள். ஒன்று வரவில்லை என்றாலும் அந்தத் தளம் வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லோரும் வூகாமர்ஸ் எடுக்க வேண்டியதில்லை. மதுரையில் என் சித்தி பருப்புப் பொடி, இட்லிப் பொடி என்று எட்டு வகை விற்கிறார். பொருள் மாறாது, தீர்ந்தால் மறுநாள் அரைக்கலாம், கவனிக்க ஆளும் கிடையாது. அவருக்கு மாதச் சந்தாத் தளம்தான் சரி, நானே அமைத்துக் கொடுத்தேன். கணக்கெல்லாம் ஏற்கெனவே ஜோஹோ புக்ஸ் மென்பொருளில் எழுதுகிறவர்கள் அதே நிறுவனத்தின் கடைத் தளமான ஜோஹோ காமர்ஸை முதலில் பார்க்கலாம், பில்லும் ஸ்டாக்கும் ஒரே இடத்தில் சேரும். எங்களைப் போல ஒற்றைப் பொருள் விற்பவர்கள், பழைய பாத்திரமோ கையால் செய்த நகையோ, ஸ்டாக்கைப் பிடித்து வைக்கும் நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

எங்களிடம் தீராத ஒன்று படம் எடுக்கிற வேலை. அச்சுச் சேலைக்கு ஒரு முறை எடுத்தால் முப்பது விற்கும். கைமுடிச்சுக்கு ஒவ்வொன்றையும் விரித்து, முந்தி, பார்டர், உடல் என்று நான்கு படம். விவரங்களைச் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பில் மொத்தமாக ஏற்றிவிடுகிறோம், அது பத்து நிமிடம். அரக்கும் கத்தரிப்பூ நிறமும் போனில் இன்னும் ஒன்று போலவே தெரிகின்றன. இந்த மாதம் முதல் வடக்குப் பார்த்த ஜன்னல் பக்கம், காலை பத்து மணிக்குள் எடுத்துப் பார்க்கிறோம்.