பழைய காரை சர்வீஸுக்கு விடுகிறீர்களா? ‘இன்ஜின் ஃப்ளஷ்’ விஷயத்தில் உஷாராக இருங்கள்

ஆயிலும் ஃபில்டரும் மட்டும் மாற்றச் சொல்லி விட்ட என் கார், இன்று இன்ஜின் பிரிக்கப்பட்டு வேறொரு மெக்கானிக்கிடம் கிடக்கிறது. பத்து வருடம் தாண்டிய, நிறைய ஓடிய வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

வண்டியை எடுக்கப் போனபோது பில்லில் ‘இன்ஜின் டிரீட்மென்ட்’ என்று ஒரு வரி இருந்தது. இன்ஜினுக்குள் படிந்த கசடைக் கழுவ ஊற்றும் ஃப்ளஷ்தான் அது. நான் கேட்கவே இல்லையே என்றேன். “எல்லா வண்டிக்கும் போடுறதுதான் சார், உள்ளே சுத்தமாயிடும், பிக்கப் நல்லா இருக்கும்” என்றார் சர்வீஸ் அட்வைசர். செய்யவேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் அப்படி ஒன்று எழுதவும் இல்லை, ஊற்றுமுன் ஒரு போன்கூட செய்யவில்லை.

அதற்குப் பிறகு காலையில் ஸ்டார்ட் செய்தால் வால்வுகளை இயக்கும் டேப்பெட் பக்கம் டிக் டிக் என்று சத்தம். முன்பு அந்த வண்டியில் அப்படி ஒரு சத்தமே கிடையாது. அப்புறம் இன்ஜின் நன்றாகச் சூடானதும், சிக்னலில் நிற்கும்போது ஆயில் பிரஷர் லைட் மினுக்கத் தொடங்கியது, ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடும். உடனே அவர்களுக்குப் போன் போட்டேன். “புது ஆயில் செட் ஆகணும் சார், கொஞ்சம் ஓட்டுங்க சரியாயிடும்” என்று பதில். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இந்த ஒரு வாக்கியத்தின் மீதுதான். ஆயில் லைட் எரிந்தால் இன்ஜினை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும், இது தொழில் பழகும் பையனுக்கும் தெரியும். ஒரு சர்வீஸ் சென்டரே ‘ஓட்டுங்க’ என்று சொல்கிறது என்றால் என்ன சொல்வது!

வேறு மெக்கானிக் பிரஷர் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்த்தார், ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, ஆயில் பிரஷர் இருக்கவேண்டிய அளவில் இல்லை. இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான ஆயில் சேம்பரைக் கழற்றி உள்ளே இருக்கும் ஸ்ட்ரெய்னரை என் கையில் கொடுத்தார். அது ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயில் இருக்கும் சின்ன கம்பி வலை. வலையில் பாதிக்கு மேல் கறுப்புக் கசடு அப்பியிருந்தது. காபி டிகாக்‌ஷன் வடிகட்டிய மண்டி போல, விரலால் நசுக்கினால் சில துணுக்குகள் குழைந்தன, சில ஓடு மாதிரி கெட்டியாக நொறுங்கின. கிராங்க் ஷாஃப்ட் சுழலும் இடத்தில் இருக்கும் பேரிங் ஷெல்களில் கோடு கோடாகக் கீறல், ஓரிடத்தில் மேல்பூச்சு போய் செம்பு நிறம் தெரிந்தது.

நடந்தது இதுதான். ஃப்ளஷ் பெரும்பாலும் மண்ணெண்ணெய்க்கு நெருக்கமான கரைப்பான். பழைய ஆயிலோடு கலந்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் (பொதுவாகப் பத்து பதினைந்து நிமிடம்) ஐடிலில் ஓடவிட்டு வடித்துவிட வேண்டும். வருடக்கணக்கில் படிந்த கசடு அதில் சீராகக் கரைவதில்லை, கட்டி கட்டியாகப் பெயர்ந்து கீழே சேம்பருக்கு வருகிறது. ஆயில் ஃபில்டர் அதைப் பிடிக்காதா என்று கேட்கலாம். ஃபில்டர் இருப்பது பம்புக்குப் பிறகு, ஸ்ட்ரெய்னர் இருப்பது பம்புக்கு முன்னால், அடைப்பதோ ஸ்ட்ரெய்னர். வடித்தாலும் எல்லாம் வெளியே வராது, கொஞ்சம் உள்ளேயே தங்கிப் புது ஆயிலிலும் கலக்கும். போதாததற்கு ஃப்ளஷ் ஊற்றியதும் ஆயில் நீர்த்துவிடுகிறது. அந்த நிலையில் லோடு கொடுத்து ஓட்டினால் பேரிங்குக்கு வேண்டிய ஆயில் படலம் நிற்காது, அதனால்தான் ஐடிலில் மட்டும் என்கிறார்கள். என் வண்டியிலோ ஃப்ளஷ் ஊற்றிய பிறகு, அந்த சர்வீஸ் சென்டரில் வேலை செய்யும் பையன் ‘ஒரு ரவுண்டு’ போய் வந்ததாக அவனே என்னிடம் சொன்னான். காலி டப்பாவைக் காட்டுங்கள் என்று கேட்டேன், காட்டவில்லை.

இன்னொன்று, பழைய வண்டியில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்கள் இறுகிப்போயிருக்கும், அந்த இடுக்குகளைச் சில வண்டிகளில் கசடுதான் அடைத்துக்கொண்டிருக்கும். அது போனதும் ஒழுகல் ஆரம்பிக்கும், வால்வு சீல் தளர்ந்திருந்தால் நீலப்புகையும் வரும்.

முதலிலிருந்தே ஒழுங்காக ஆயில் மாற்றி வந்த சுத்தமான இன்ஜினுக்கு ஃப்ளஷ்ஷால் பெரிதாகக் கெடுதல் வராமல் போகலாம், ஆனால் அதற்கு அது தேவையும் இல்லை, நல்ல ஆயிலிலேயே அழுக்கைக் கரைக்கும் டிடர்ஜென்ட் இருக்கிறது. கசடு பிடித்த வண்டி என்றால் ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்து, இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரோடு மாற்றி, மெதுவாகக் கரையவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ரொம்ப மோசம் என்றால் சேம்பரைக் கழற்றிக் கையால் சுத்தம் செய்ய வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும், தார் மாதிரி படிந்திருந்தால் ஃப்ளஷ் பக்கமே போகவேண்டாம். பெட்ரோலில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர் வேறு விஷயம், அது டேங்க் வழியாகப் போவது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பேசுவார்கள்.

புகார் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். “வண்டி பழசு சார், எப்ப வேணா போகும்” என்பதே இதுவரை வந்த பதில். பழசு என்று தெரிந்துதானே ஊற்றினீர்கள் என்று கேட்டால் மேனேஜர் லைனில் வருவதில்லை. பில், கழற்றிய ஷெல்கள், ஸ்ட்ரெய்னரின் போட்டோ எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன், அடுத்து நுகர்வோர் புகார்தான். நீங்கள் வண்டி விடும்போது ‘ஆயில், ஃபில்டர் மட்டும், வேறு எதுவும் ஊற்றக்கூடாது’ என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, அவர்கள் கையெழுத்தோடு ஒரு காப்பி வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் அது இல்லாததைத்தான் இப்போது அவர்கள் சாக்காகச் சொல்கிறார்கள்.