அங்கோரா, போரோபுதூரா: குரூப் டூருக்கு எது சரிப்படும்?

வெளிநாட்டில் பழங்காலக் கோயில், சிற்பம் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டு பெயர்களில்தான்: கம்போடியாவின் அங்கோர், இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலுள்ள போரோபுதூர்-பிரம்பனான். கலைக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் அங்கோருக்குத்தான் முதலிடம். குரூப் டூரில் போவதானால் என் ஓட்டு ஜாவாவுக்கு.

அங்கோர் பரந்து கிடக்கும் பழைய தலைநகரம். அங்கோர் வாட் அதில் ஒரு கோயில், அவ்வளவுதான். பேயோன், தா ப்ரோம் எல்லாம் தனித்தனி. 967-ல் எழுப்பிய பந்தேய் ஸ்ரேய் இன்னும் தள்ளி இருக்கிறது. டிக்கெட்டே ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. ஆற அமரப் பார்க்கிறவர்களை மனதில் வைத்துப் போட்ட விலை. வியட்நாமையும் சேர்த்துக் கட்டும் பேக்கேஜில் பெரும்பாலும் கிடைப்பது ஒருநாள் டிக்கெட்.

அந்த ஒரு நாள் எப்படிப் போகும்? விடியுமுன் எழுப்பி, அங்கோர் வாட்டின் குளக்கரையில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கோயில் மேற்குப் பார்த்தது என்பதால் கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் எழும். படம் எடுத்து முடித்ததும், காலை டிபனுக்கு பஸ் ஹோட்டலுக்குத் திரும்பும். கூட்டம் கலைந்து, வெயிலும் ஏறாமல், சிற்பக்கூடங்கள் காலியாக இருக்கும் நேரம் அதுதான். நம் ஆட்கள் அப்போது ஹோட்டலில் பிரெட் டோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

தவறவிடுவது சாதாரணமானதல்ல. மேற்குச் சுவரின் ஒரு பாதியில் குருக்ஷேத்திரம்: அம்புப் படுக்கையில் பீஷ்மர். மறு பாதியில் இலங்கைப் போர்: அனுமன் தோளில் நின்று வில் வளைக்கும் ராமன், பத்துத் தலையோடு ராவணன், இடையிடையே அரக்கர்களைக் கடித்துக் குதறும் குரங்குகள். ஆட்கள் தடவித் தடவிக் கல் சில இடங்களில் எண்ணெய் பூசியதுபோலப் பளபளக்கிறது. கிழக்குப் பக்கம் போனால் பாற்கடல் கடையும் காட்சி, 49 மீட்டர் நீளத்துக்கு. கதை தெரிந்த கண்ணுக்கு இந்தச் சுவர்களுக்கே அரை நாள் வேண்டும். கொடி பிடித்த கைடு பத்து நிமிடத்தில் தாண்டிப் போய்விடுவார்.

(அங்கோர் வாட்டைக் கட்டியவன் தமிழ் மன்னன் என்று வாட்ஸ்அப்பில் வருவதை பஸ்ஸில் யாராவது கட்டாயம் வாசிப்பார்கள். கட்டிய இரண்டாம் சூரியவர்மன் கம்போடியாவின் கெமர் இன அரசன், 12-ஆம் நூற்றாண்டு.)

அங்கோர் வாட்டின் உச்சி அடுக்குக்கு ஒரே சமயத்தில் நூறு பேரைத்தான் விடுகிறார்கள். படி செங்குத்து. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், 12 வயதுக்குக் கீழே அனுமதியில்லை. நாற்பது பேர் குழுவில் பாதிப் பேர் வரிசையில் நிற்க, மீதிப் பேர் கீழே காத்திருக்க, நேரம் அங்கேயே கரைந்துவிடும்.

அடுக்கடுக்காக எழும் பௌத்த நினைவுச்சின்னமான போரோபுதூரில் இந்தச் சிக்கல் கிடையாது. நல்ல ஏற்பாடு என்பதால் அல்ல, கெடுபிடி எல்லோருக்கும் ஒன்று என்பதால். மேலே ஏற ஒரு நாளைக்கு 1,200 பேருக்கு மட்டும் அனுமதி என்று வைத்தார்கள். குறித்த நேரத்தில், கைடோடு, கூட்டமாகத்தான் ஏற வேண்டும். கல் தேயாமலிருக்கத் தாழை நாரில் பின்னிய ‘உபானத்’ செருப்பை மாட்டிவிடுகிறார்கள். தனியாகப் போகிறவருக்கும் இதேதான். ஆகவே குழுவில் வந்தவர் எதையும் இழப்பதில்லை. 72 ஸ்தூபிகள் நிற்கும் மேல் வட்டங்களைப் பார்த்துவிட்டு இறங்க அந்த நேரம் போதும். சுற்றுச் சுவர்களில் 2,672 புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன, அவற்றைப் பொறுமையாகப் பார்க்க நினைத்தால் யாருக்குமே நேரம் போதாது.

பிரம்பனான்தான் நம்மவர்களுக்கு எதிர்பாராத விருந்து. 9-ஆம் நூற்றாண்டுக் கோயில், நடுவில் 47 மீட்டர் உயரத்தில் சிவன் சன்னதி. வடக்கே மகிஷாசுரமர்த்தினி, மேற்கே பிள்ளையார், தெற்கே யார் என்கிறீர்கள், தாடியும் தொந்தியுமாக அகத்தியர்! ராமாயணம் கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில் ஓடுகிறது. வலம் வந்தால் கதை தானாக நகரும், சிவன் கோயிலில் தொடங்கிப் பிரம்மா கோயிலில் முடியும். ஜாவாவின் யோக்யகர்த்தா நகரிலிருந்து 17 கிலோமீட்டர்தான். போரோபுதூருக்கு எதிர்த்திசையில் நாற்பது.

ஜாவா பேக்கேஜில் ஒரு கண்ணி உண்டு. போரோபுதூருக்கு வளாக டிக்கெட் வேறு, மேலே ஏறும் டிக்கெட் வேறு. பேக்கேஜில் வெறுமனே ‘போரோபுதூர் விசிட்’ என்று போட்டிருந்தால் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வர நேரலாம். பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திங்கட்கிழமை மேலே ஏற விடுவதில்லை, தேதியையும் பாருங்கள். அப்புறம், இந்தோனேசியா டூர் என்றாலே பாலிதான் என்று நினைக்கும் ஏஜெண்ட்டிடம் யோக்யகர்த்தாவை நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சைவக்காரர்களுக்கு ஜாவாவில் புளிக்கவைத்த சோயாவில் செய்யும் டெம்பேயும், வேகவைத்த காய்கறிமேல் வேர்க்கடலைச் சட்னி ஊற்றிய காடோ காடோவும் கைகொடுக்கும், முட்டை வேண்டாம் என்று முன்னமே சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகளின் ஏப்ரல்-மே லீவில்தான் போக முடியும் என்றாலும் ஜாவாதான். அங்கே மழை ஓய ஆரம்பிக்கும் காலம் அது, கம்போடியாவில் வெயில் கொளுத்தும். அங்கோர்தான் வேண்டும் என்று மனம் அடம் பிடித்தால் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவே மூன்று நாள் டிக்கெட் எடுத்து, அங்கோரை ஒட்டிய ஊரான சியம் ரீப்பில் ஒரு டுக்-டுக் பேசிக்கொண்டு, குழு இல்லாமல் போங்கள்.